வேலை இருக்கிறது, மணி நேரம் குறைந்துவிட்டது: கணக்கில் நீங்கள் எங்கே?

கேள்வி: நியூ ஜெர்சியில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறேன். வாரம் 40 மணி நேரம் இருந்தது, இரண்டு மாதமாக 26தான் தருகிறார்கள். செய்தியிலோ வேலையின்மை குறைவு என்கிறார்கள். என் நிலைமை எந்தக் கணக்கில் வரும்? வேறு வேலை தேடலாமா?

பதில்: வேலையின்மை விகிதத்தில் நீங்கள் வரமாட்டீர்கள். பொதுவாக 12ஆம் தேதி வருகிற வாரத்தை வைத்துத்தான் அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை கணக்கெடுக்கிறது. அந்த வாரத்தில் சம்பளத்துக்கு ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலும் நீங்கள் வேலையில் இருப்பவர்.

ஆனால் அதே கணக்கெடுப்பில் இன்னொரு கேள்வியும் உண்டு: 35 மணிக்குக் குறைவாக ஏன் வேலை செய்தீர்கள்? 'வேலை மந்தம்', 'பகுதிநேர வேலைதான் கிடைத்தது' என்பவர்களைத் தனியாக எண்ணுகிறார்கள். வேலையில்லாதவர்களோடு இவர்களையும், வேலை வேண்டும் என்றாலும் இப்போது தேடாமல் விட்டுவிட்டவர்களையும் சேர்த்துத்தான் யு-6 என்ற விகிதம் வருகிறது. 2020 ஏப்ரலில் வேலையின்மை 14.7 சதவீதம் என்று அறிவித்தபோது யு-6 22.8 ஆக இருந்தது.

நான் யு-6ஐவிட, அதே துறையின் மாதாந்திர அறிக்கையில் உள்ள ஏ-8 அட்டவணையைத்தான் முதலில் திறப்பேன். மேலே சொன்ன இரண்டு காரணங்களும் அதில் தனித்தனி வரிசை. மந்தம் வந்தால் முதலாளி உடனே ஆளை அனுப்புவதில்லை, முதலில் ஷிப்டைத்தான் வெட்டுவார். அதனால் 'வேலை மந்தம்' வரிசை சீக்கிரம் ஏறும். மற்றது மெதுவாக ஏறி, மெதுவாகவே இறங்கும். 2015 கடைசியில் வேலையின்மை 5 சதவீதத்துக்கு இறங்கியும், இப்படிப் பொருளாதாரக் காரணத்தால் பகுதிநேரமாக மொத்தம் 60 லட்சம் பேர் அளவில் இருந்தார்கள். 2006இல் அது 42 லட்சம்தான். ஒரு மாத ஏற்றத்தைப் பார்த்துப் பதறாதீர்கள், மூன்று மாதமாவது பாருங்கள்.

இந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. இரண்டு கடைகளில் இருபது இருபது மணி நேரமாக ஓடுகிறவர் முழுநேர ஊழியர் ஆகிவிடுவார். குழந்தையைப் பார்க்க ஆளில்லாமல் பாதி நாள் மட்டும் வேலைக்குப் போகிற தாய்க்கு 'பொருளாதாரம் அல்லாத காரணம்' என்று போடுவார்கள். எனக்கு இது சரியாகவே படவில்லை.

சரி, உங்கள் விஷயம். உங்களுக்கு மட்டும் மணி குறைந்ததா, எல்லோருக்குமா என்று பாருங்கள். எல்லோருக்கும் குறைந்து, 'வேலை மந்தம்' வரிசையும் ஏறினால் காத்திருக்காமல் இப்போதே தேடுங்கள், வேலையில் இருந்துகொண்டே. மணி குறைந்தாலும் பகுதி வேலையின்மைப் படி கிடைக்கலாம், மாநில அலுவலகத்தில் உடனே விண்ணப்பியுங்கள்.

அப்புறம் மருத்துவக் காப்பீடு. 50 முழுநேர ஊழியர் அளவோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் யாருக்குக் காப்பீடு தர வேண்டும் என்பதற்குச் சட்டம் வைத்த எல்லை வாரம் சராசரி 30 மணி. நீங்கள் 26இல் இருக்கிறீர்கள். பல இடங்களில் முந்தைய மாதங்களின் சராசரியைத்தான் பார்ப்பார்கள் என்பதால் உடனே போய்விடாது. எந்தத் தேதி வரை இருக்கும் என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.