வாசகர் கேள்வி: கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி

கேள்வி: என் பாட்டி ராயபுரத்துக்காரர். ஸ்டான்லி ஆஸ்பத்திரியைக் கடைசி வரை 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொன்னார். யாரோ கேலிக்கு வைத்த பெயரா அது?

பதில்: கேலியே இல்லை. அந்த ஆஸ்பத்திரி பிறந்த கதையே உங்கள் பாட்டி சொன்ன பெயரில்தான் இருக்கிறது. 1780-ல் ஹைதர் அலியின் படை ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கியதும் ஊர் ஊராக விவசாயம் நின்றுபோய், பிழைத்துக் கிடந்தவர்கள் மூட்டை முடிச்சோடு மதராஸுக்கு வந்து சேர்ந்தார்கள், வந்த இடத்திலும் பஞ்சம். 1782-ல் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய சத்திரம்தான் மணியக்காரர் சத்திரம். வெள்ளைக்காரர் வாயில் அது 'மோனிகர்' ஆகிவிட்டது. பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றுகிற இடத்தைக் கஞ்சித்தொட்டி என்பது அந்தக் காலத்துப் பேச்சு.

பஞ்சம் தணிந்த பிறகும் நாதியற்றவர்கள் அங்கே வந்துகொண்டுதான் இருந்தார்கள், அவர்களில் பாதிப் பேருக்குக் கஞ்சியோடு மருந்தும் தேவைப்பட்டிருக்கும். 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். ஸ்டான்லி என்ற பெயர் ரொம்பப் பிந்தியது: 1929 முதல் 1934 வரை மதராஸ் கவர்னராக இருந்தவர் அவர். 1938-ல் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஆனாலும் வடசென்னை வாயில் பழைய பெயர் போகவில்லை. எனக்கு அதில் தனி சந்தோஷம்!

கேள்வி: அப்படியானால் ஜெனரல் ஆஸ்பத்திரியைவிட இதுதான் பழையதா?

பதில்: இல்லை, ஜி.எச். 1664-லேயே கோட்டைக்குள் ஆரம்பித்தது, இப்போதைய இடத்துக்கு 1772-ல் வந்தது. ஆனால் அது கம்பெனிச் சிப்பாய்களுக்காகத் தொடங்கியது, நம் ஜனங்களுக்குக் கதவு திறக்க 1842 ஆனது. கஞ்சித்தொட்டியோ முதல் நாளிலிருந்தே இல்லாதவர்களுக்கானது.

அந்தக் குணம் பின்னாளிலும் போகவில்லை. துறைமுகம், பட்டறை, அச்சகம் என்று கையை நம்பிப் பிழைப்பவர்கள் நிறைந்த பகுதி அது. மெஷினில் விரல் சிக்கினால் துணியைச் சுற்றிக்கொண்டு ஓடி வருவது இங்கேதான். கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவை டாக்டர் ஆர். வெங்கடசாமி இங்கே வளர்த்தெடுத்தார். நசுங்கிய விரலை ஒட்டவைப்பதோடு விடாமல், அந்தக் கை திரும்ப ஸ்பேனர் பிடிக்கிற வரை பயிற்சி கொடுத்து அனுப்புவதும் அந்தப் பிரிவின் வேலைதான்.