வாடகைக் காசு முழுவதும் ஊருக்குப் போனால் பொயிலருக்கு யார் கட்டுவது?

கேள்வி: லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். வீட்டுக்கும் தண்ணீருக்கும் சூடு தரும் காஸ் பொயிலருக்கு 14 வயது. மூன்று குளிர்காலமாக விடாமல் பழுது: பம்ப், ஃபான், கடைசியாக சர்க்கிட் போர்ட். 1,140 பவுண் போய்விட்டது, எல்லாம் கிரெடிட் கார்டில். கார்டில் இப்போது 1,900 நிற்கிறது, வட்டி 24 வீதம். அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் மேலே சுடுகின்றன, கீழே குளிர்ந்து கிடக்கின்றன. போன மாதம் குடியிருப்பவர்கள் கைக்குழந்தையோடு நான்கு நாள் சுடுதண்ணீர் இல்லாமல் இருந்தார்கள். வாடகை 1,650, மோர்ட்கேஜ் வட்டி மட்டும் 1,080, காப்புறுதி முதலியவற்றுக்கு 70. மிச்சம் 500ஐ, சாவகச்சேரியில் அண்ணா மேல்மாடி கட்ட மாதாமாதம் அனுப்புகிறேன். அதற்குப் பதிலாக, வெளிக்காற்றின் சூட்டை எடுத்து மின்சாரத்தில் ஓடும் ஹீற் பம்ப் போட்டால் அரசாங்கம் 7,500 தருகிறதாம். மீதிக்கு லோன் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. இன்னொரு லோன் இப்போது வேண்டவே வேண்டாம்.

பொயிலர் பழையதுதான். ஆனால் உங்களைக் கடனில் தள்ளுவது அந்த 500. அது மிச்சம் என்று நினைத்து அனுப்புகிறீர்கள். அதில் வரி இருக்கிறது: வருஷத்துக்கு 6,000, 20 வீதம் என்று வைத்தாலும் 1,200, அதாவது மாதம் 100. அதைச் சம்பளத்திலிருந்து கட்டிக்கொண்டு வருவீர்கள், அதனால் கண்ணில் படவில்லை. ஆக உண்மையில் 400தான். அதற்குள்ளேயே வீட்டின் தேய்மானமும் வரவேண்டும். பொயிலரின் காசு அண்ணாவின் மேல்மாடிக்குச் சீமெந்தாகப் போகிறது, பொயிலருக்கு நீங்கள் 24 வீத வட்டியில் கடன் வாங்குகிறீர்கள். மாதம் 38 பவுண் வட்டி மட்டும்.

ரேடியேட்டர் கீழே குளிர்ந்தால் உள்ளே சேறு என்று அர்த்தம். மேலே குளிர்ந்தால் காற்று. சாவியால் திறந்துவிட்டால் போதும். சேறு அப்படிப் போகாது. இரும்புத் துரு கறுத்த குழம்பாக அடியில் படிந்து, பம்பையும் கெடுக்கும். வருஷா வருஷம் காஸ் சேர்ட்டிபிக்கற் எடுக்கிறோமே என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதுகாப்புச் சோதனை; சேர்விஸ் வேறு. ஒரு சேர்விஸ் சுமார் 100 பவுண். செப்டெம்பரிலேயே செய்யுங்கள், டிசெம்பரில் ஆள் கிடைப்பது கஷ்டம். வருகிறவரின் மஞ்சள் நிற காஸ் சேஃப் (காஸ் வேலைக்குப் பதிவு பெற்றவர்களுக்கான) அட்டையின் பின்பக்கத்தையும் பாருங்கள், எந்த வேலைக்குத் தகுதி என்று அதில் இருக்கும். தெரிந்த மச்சான் ஒருவர் மலிவாகச் செய்து தருவார் என்ற கதையே வேண்டாம்.

ஹீற் பம்ப் கெட்டதல்ல. ஆனால் 7,500 என்பது செலவில் ஒரு பங்குதான். அதன் தண்ணீர் பொயிலர் தண்ணீர் அளவுக்குச் சுடாது, அதனால் பல வீடுகளில் ரேடியேட்டர்களைப் பெரிதாக்க வேண்டும். சுடுதண்ணீர்த் தாங்கிக்கும் இடம் வேண்டும். குளிர் ஒழுகும் பழைய வரிசைவீட்டில் இதைப் போட்டால் மின்கட்டணம் அந்தப் பிள்ளையின் தாய் தகப்பன் தலையில் விழும். விற்க வருகிறவர் முதலில் 7,500 பற்றித்தான் கதைப்பார். கடன் தீரட்டும், அப்புறம் பார்க்கலாம்.

இப்போது செய்யவேண்டியது இது. ஏழு மாதம் கார்டுக்கு 300, தனிக் கணக்கில் 50, அண்ணாவுக்கு 50. கார்டு தீர்ந்துவிடும். பிறகு கணக்கில் 200, அண்ணாவுக்கு 200. அடுத்த 13 மாதத்தில் 2,600, முன்னதோடு 2,950. உங்கள் வீட்டுக்கு ஒரு புதுக் கொம்பி பொயிலர் (தாங்கி இல்லாமலே சுடுதண்ணீரும் தருவது), குழாய் கழுவுவது, காந்த வடிகட்டி எல்லாம் சேர்த்து அந்த அளவில் முடிக்கப் பாருங்கள். பழையதற்குப் பதிலாக அதே மாதிரி மாற்றினால் அது பழுதுச் செலவு. வாடகை வருமானத்திலிருந்து கழிக்கலாம். இடையில் பொயிலர் நின்றால் அந்தக் கணக்கில் இருப்பதை எடுங்கள், அந்த மாதம் அண்ணாவுக்கு ஒன்றும் போகாது.

அண்ணாவிடம் கதைப்பது கஷ்டம், எனக்குத் தெரியும். ஆனால் ஹீற்றிங்கையும் சுடுதண்ணீரையும் ஒழுங்காக வைத்திருப்பது வீடு வாடகைக்கு விடுவது பற்றிய 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக்காரரின் கடமை. குடியிருப்பவர்கள் கவுன்சிலுக்குப் போனால் பதில் சொல்லப்போவது நீங்கள். கணக்கை ஒரு தாளில் எழுதி, படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமையே கூப்பிடுங்கள். மேல்மாடி ஒரு வருஷம் பிந்தினால் அவருக்கு ஒன்றும் ஆகாது. கீழ்வீட்டில் இருக்கத்தான் போகிறார்.