உயிரியல் பூங்கா யானையின் குடலில் வாழும் நுண்ணுயிரிகள் என்ன செய்கின்றன?

யானையின் பெருங்குடலிலும், அது தொடங்கும் இடத்தில் இருக்கும் பெரிய பையிலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன: பாக்டீரியா, பூஞ்சை, அப்புறம் மேலே உள்ள மெல்லிய இழைகளை அசைத்து நீந்தும் ஒரு செல் உயிரிகள். இவைதான் குடல் நுண்ணுயிரிகள்.

இவை இல்லாமல் யானையால் பிழைக்கவே முடியாது. புல், ஓலை, மரப்பட்டை எல்லாவற்றிலும் நிறைந்திருப்பது செல்லுலோஸ் என்ற நார். அதை உடைக்கும் நொதி யானையின் உடம்பில் சுரப்பதில்லை, நமக்கும்தான். நுண்ணுயிரிகள் அந்த நாரைப் புளிக்க வைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்ற, அவை குடல் சுவர் வழியாக ரத்தத்தில் கலந்து யானைக்குச் சக்தியாகின்றன. ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்கிறதே, கிட்டத்தட்ட அதே வேலைதான் அங்கே நாள் முழுக்க நடக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது: பிறந்த குட்டியிடம் இந்த உயிர்கள் போதுமான அளவு இருக்காது, அதனால் அது தாயின் லத்தியைத் தின்னும். பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான். பூங்காவில் இதைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். தீனியையும் அங்கே மெதுவாகத்தான் மாற்ற வேண்டும். திடீரென்று தானியமோ இனிப்போ அதிகமானால் குடலில் அமிலம் கூடி வயிற்றுவலி வந்துவிடும்.

மாடு மாதிரி யானையும் அசைபோடும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு: யானைக்கு ஒற்றை அறை இரைப்பைதான், புளிக்கும் வேலை அதைத் தாண்டிக் குடலில் நடப்பதால் தின்றதில் பாதிக்கு மேல் செரிக்காமலே வெளியே வந்துவிடுகிறது.