லினக்ஸ் ஹேங் ஆகிறதா? கேள்வி பதில்

கேள்வி: உபுண்டு லினக்ஸில் திடீரென்று திரை அப்படியே நின்றுவிடுகிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. பவர் பட்டன் கடைசிக்குத்தான். முதலில் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். விளக்கு மாறினால் கெர்னல், அதாவது ஓஎஸ்ஸின் மையப் பகுதி, உயிரோடு இருக்கிறது. மாறாவிட்டாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம், அந்த விளக்கை மாற்றுவது டெஸ்க்டாப்பின் வேலை, அதுமட்டும் சிக்கியிருக்கலாம். அடுத்து கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் லாகின் கேட்டால், உள்ளே போய்ச் சிக்கிய நிரலை நிறுத்திவிடலாம்.

கேள்வி: அதற்கும் அசையவில்லை என்றால்?

பதில்: ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீனையும் பிடித்தபடி எஸ், யு, பி என்று சில விநாடி இடைவெளி விட்டுத் தட்டுங்கள். இவை டெஸ்க்டாப்பைத் தாண்டி நேராகக் கெர்னலுக்குப் போகும் விசைகள். எஸ், எழுதாமல் நிற்கும் தரவை டிஸ்கில் இறக்கும். யு, டிஸ்கில் மேற்கொண்டு எதுவும் எழுதவிடாமல் பூட்டும். பி, ரீபூட் செய்யும். சில லேப்டாப்களில் எஃப்என் விசையும் சேர வேண்டும். உங்கள் கோப்புகளைக் காப்பாற்றும் பழக்கம் இது, தயவுசெய்து கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: 4 ஜிபி ரேம். பிரவுசரில் டேப் கூடினால் டிஸ்க் விளக்கு விடாமல் எரிகிறது, மவுஸ் நகர மறுக்கிறது. ஓஎஸ்ஸை மறுபடி போடட்டுமா?

பதில்: வேண்டாம், போட்டாலும் இதேதான் நடக்கும். ரேம் தீர்ந்துபோனால், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பகுதிகளையே கெர்னல் ரேமிலிருந்து கழற்றிவிடும். அடுத்த நொடியே அவை தேவைப்பட, டிஸ்கிலிருந்து திரும்பப் படிக்கும். இந்த இழுபறிதான் அந்த விளக்கு. ஏதாவது ஒரு நிரலைக் கொன்று இடம் பிடிக்கும் வசதி கெர்னலில் உண்டு, ஆனால் அது மிகவும் தாமதமாகத்தான் விழிக்கும். அதனால் எர்லிஊம் என்ற சிறு நிரலை நிறுவுங்கள்; ரேம் முழுக்கத் தீருமுன்பே பெருந்தீனிக்கார நிரலை நிறுத்திவிடும். அப்புறம், இசட்ரேமும் போடுங்கள். அது ரேமுக்குள்ளேயே தரவைச் சுருக்கி வைக்கும், டிஸ்க் பக்கம் போகும் தேவை குறையும்.

கேள்வி: என்னுடையது முதல் தலைமுறை ரைசன் ப்ராசசர். வேலை செய்யும்போது நன்றாக இருக்கிறது, சும்மா விட்டால் நின்றுவிடுகிறது.

பதில்: பயாஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரை) ‘பவர் சப்ளை ஐடில் கண்ட்ரோல்’ இருக்கிறதா பாருங்கள். அதை ‘டிப்பிகல் கரண்ட் ஐடில்’ என்று மாற்றுங்கள். இந்த வகையில் பலருக்குத் தீர்ந்தது இதனால்தான்.

கேள்வி: கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

பதில்: கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து இரண்டு நாள் ஓட்டுங்கள். நிற்கவில்லை என்றால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

கேள்வி: லாகில், அதாவது கணினி எழுதிவைக்கும் பதிவில், எதுவுமே இல்லையே?

பதில்: கணினியை இப்போது தொடங்கிய பிறகான லாகைப் பார்த்திருப்பீர்கள். லாகைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையில், அதற்கு முந்தைய முறை ஓடியபோதான லாகைக் கேட்டு, அதன் கடைசி வரிகளைப் படியுங்கள். அங்கும் பிழை எதுவும் இல்லாமல் பாதியில் அறுந்திருந்தால் எனக்கு வன்பொருள் மேல்தான் சந்தேகம் வரும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் ரேமைக் கழற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள்.