மெட்ரோ வருகிறது: வீட்டை பில்டருக்குக் கொடுப்பதா, மாடி எழுப்புவதா?

கேள்வி: ஐயா, சென்னை ஐயப்பன்தாங்கலில் ஒரு கிரவுண்டில் எங்களுக்குத் தரைத்தள வீடு இருக்கிறது. 1998-இல் மனை வாங்கிக் கட்டியது. தெரு 20 அடி. மகனுக்காக மாடி எழுப்பி, முன்பக்கம் மருமகளுக்குச் சின்னதாகத் தையல் கடை வைக்க நினைக்கிறோம். புரோக்கர் ஒருவர், "மெட்ரோ ஓடினால் எஃப்எஸ்ஐ ஏறும், பில்டருக்குக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அனுமதி வேலையை நானே முடித்துத் தருகிறேன், ஒரு பவர் மட்டும் எழுதிக் கொடுங்கள்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் பவர் எழுதிக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பவர் என்பது உங்கள் சார்பில் கையெழுத்திடும் அதிகாரத்தை இன்னொருவருக்கு எழுதிக் கொடுப்பது. வீட்டுக்காரர் ஊரிலேயே இருக்கும்போது திட்ட அனுமதிக்குப் பவர் பத்திரம் எதற்கு? விண்ணப்பத்தில் உங்கள் கையெழுத்தும், வரைபடத்தில் பதிவு பெற்ற பொறியாளர் கையெழுத்தும் இருந்தால் போதும். சென்ற ஆண்டு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இப்படி ஒரு பத்திரத்தை என்னிடம் கொண்டுவந்தார். முதல் பக்கம் முழுக்க "அனுமதி பெற" என்றே இருந்தது. ஏழாவது பக்கத்தின் நடுவில் ஒரே வரி: "மேற்படி சொத்தை கிரயம் செய்யவும், அடமானம் வைக்கவும்". அந்த வரிக்குக் கீழே அவரே பென்சிலால் கோடு போட்டிருந்தார். நல்லவேளை, அதைப் பதிவு செய்திருக்கவில்லை. பதிவான பவரை ரத்து செய்வதற்குள் முகவர் அதைக் காட்டி விற்றுவிட்டால், வருடக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டும்.

எஃப்எஸ்ஐ என்றால், மனையின் அளவைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி சாதாரணக் கட்டடத்துக்கு 2 மடங்கு. உங்கள் ஒரு கிரவுண்டுக்கு, அதாவது 2,400 சதுர அடிக்கு, 4,800 வரை போகலாம். மாடியும் கடையும் சேர்ந்தாலும் அதில் பாதியைத் தாண்டுவீர்களா என்பதே சந்தேகம். பணம் கட்டி வாங்கும் கூடுதல் எஃப்எஸ்ஐ குறைந்தது 9 மீட்டர் (சுமார் 30 அடி) சாலைக்குத்தான்; 20 அடித் தெருவுக்குக் கிடையாது. மெட்ரோவை ஒட்டி விதி மாறினால் அரசிதழில் வரும். புரோக்கர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வட்டம் போட்ட மேப் அரசிதழ் ஆகாது.

மெட்ரோவை நம்பி அவசரப்படவும் வேண்டாம். கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி வரையிலான உங்கள் பாதை, சுமார் 119 கி.மீ. நீள இரண்டாம் கட்டத்தின் ஒரு பகுதி. 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2024 அக்டோபரில். கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் பேருந்து முனையத்தைத் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. பெட்டியும் குழந்தையுமாக ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கோடிகளைக் கொட்டித் தூண் எழுப்புகிறவர்களுக்கு, நிலையத்திலிருந்து தெருமுனை வரை ஒழுங்கான நடைபாதை போட ஏன் மனம் வருவதில்லை என்பது முப்பது வருடமாக எனக்கு ஆறாத கோபம்.

அதனால்தான் உங்கள் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. மாடிக்கு ஒரு குடும்பம் வந்தால் பஸ்ஸுக்கு நிற்க இரண்டு பேர் கூடுவார்கள். ஆள் ஏறினால்தான் பஸ் நிலைக்கும். தையல் கடையில் எட்டு மணி வரை விளக்கு எரிந்தால், வேலை முடிந்து வரும் பெண்கள் பயமில்லாமல் நடப்பார்கள். பத்து வீட்டையும் இடித்து, கீழே கார் மட்டும் நிற்கும் அடுக்குமாடிகளாக்கினால் அந்தத் தெருவில் பேச ஆள் இருக்காது.

ஒரே ஒரு இடத்தில்தான் உங்கள் விஷயம் சிக்கலாகலாம். 1998 மனை என்கிறீர்கள். பத்திரத்தில் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அங்கீகார எண் இருக்கிறதா பாருங்கள். "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்று விற்ற மனைப்பிரிவுகள் அங்கீகாரம் பெற்றவை அல்ல. அந்த மனையில் கட்ட அனுமதி கிடைக்காது. 20.10.2016-க்கு முன் விற்ற மனைகளுக்கு 2017-இல் வரன்முறைத் திட்டம், அதாவது அங்கீகாரமில்லாத மனையை முறைப்படுத்தும் திட்டம், கொண்டுவந்தார்கள். அதற்கு ஆதாரம் பதிவான கிரயப் பத்திரம் மட்டுமே. ஒப்பந்தப் பத்திரமோ பவரோ செல்லாது. உங்களிடம் கிரயம் இருந்தாலும், முதலில் மொத்த மனைப்பிரிவுக்கும் கொள்கை அளவில் ஒப்புதல் வாங்கப்பட்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் மனையை வரன்முறை செய்திருந்தால் அந்த ஆணையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மனைப்பிரிவின் எண் அதில் இருக்கும். இதை முடிக்காமல் மேஸ்திரிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

விதிப்படி கட்டுகிறேன் என்று நீங்களே சான்று தந்து வாங்கும், 2024-இல் வந்த சுயசான்று அனுமதியில் "ஒரே நாளில் முடித்துவிடலாம்" என்றும் சொல்வார்கள். அது 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில், 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு. கடை இருப்பதை மறைத்து அதில் போட்டால், பொய்ச் சான்று கொடுத்தவர் நீங்கள்தான், புரோக்கர் இல்லை. சிறு தையல் கடையைக் குடியிருப்புப் பகுதியிலும் விதி ஏற்கிறது. வரைபடத்திலேயே கடை என்று காட்டி முறையான அனுமதிக்குப் போங்கள். கடைக்குத் தனி மின் இணைப்பும் வணிகச் சொத்துவரியும் வரும். அதையும் கணக்கில் வையுங்கள்.

தளம் போடுவதற்கு முன், வீட்டின் மூலையில் ஓரிடத்தில் அஸ்திவாரம் வரை தோண்டி, ஒரு கட்டமைப்புப் பொறியாளரை நேரில் பார்க்கச் சொல்லுங்கள். செங்கல் சுவரே பாரம் தாங்கும் வீடா, தூண் போட்டதா என்று அவர்தான் சொல்ல முடியும். மாடிப்படியை வெளியிலிருந்து ஏறும்படி அமையுங்கள். மகன் வேறு ஊருக்குப் போனாலும் மாடியைத் தனியாக வாடகைக்கு விடலாம்.