சார்ட் பேப்பர் தூண் சாய்கிறதா?

வணக்கம் டீச்சர். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சார்ட் பேப்பரில் செய்த நாயக்கர் மகால் தூண்கள், பசை காய்வதற்குள் தொய்ந்து சாய்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். பசையைக் குறையுங்கள். வெள்ளைப் பசையிலுள்ள தண்ணீர்தான் தாளை ஊற வைக்கிறது. முதல் வருஷம் நானும் டப்பா டப்பாவாக ஊற்றி, பெஞ்சையும் சேர்த்து ஒட்டி, வாட்ச்மேன் அண்ணனிடம் திட்டு வாங்கியவன்தான்.

முதலில் தாளின் வாட்டம், அதாவது இழைகள் ஓடும் திசை, பாருங்கள். நீளவாக்கில் ஒரு தடவை, அகலவாக்கில் ஒரு தடவை லேசாக வளைத்தால், ஒரு பக்கம் சொன்னபடி கேட்கும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். கேட்கிற பக்கமாகச் சுருட்டினால் சுருக்கம் விழாது, தூணும் விறைப்பாக நிற்கும்.

இன்னும் பலம் வேண்டுமா? மை தீர்ந்த பேனாவால், ஸ்கேல் வைத்து 2 செ.மீ.க்கு ஒரு கோடு அழுத்தி, விசிறி மாதிரி முன்னும் பின்னும் மடித்து, வட்டமாகச் சேர்த்து ஒட்டச் சொல்லுங்கள். பசை ஓரத்தில் மட்டும். காயும்வரை துணி கிளிப் போதும். மேலே ஒரு நோட்டை வைத்தாலும் தாங்கும். பிள்ளைகள் இரண்டாவது நோட்டையும் வைத்துப் பார்ப்பார்கள், விடுங்கள்.

அப்புறம், நேர்கோட்டுக்குப் பதில் பாம்பு நெளிவாக அழுத்தி மடித்தால் தாள் தானே புடைத்து வரும். மதுரை புது மண்டபத்துத் தூண்களில் இருக்கிற யாளிச் சிலையின் புருவத்தைச் செய்ய அதுதான் சரி.

பசையே வேண்டாம் என்றால், 10 செ.மீ. உயர அட்டை இரண்டு எடுங்கள். ஒன்றில் மேலிருந்து 5 செ.மீ., மற்றதில் கீழிருந்து 5 செ.மீ. வெட்டிக் குறுக்காகச் செருகினால் நிற்கும். வெட்டு அட்டையின் தடிமனுக்கு மேல் அகலமாகிவிட்டால் ஆடும், கவனம்.