புது டைனமோ மாட்டியும் சார்ஜ் ஏறவில்லையா? கேட்டவர்களுக்குப் பதில்

தருமபுரியில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. லாரி, டிராக்டர், பொலேரோ எல்லாம் வரும். படகு எப்போதாவதுதான் வரும், அதுவும் இன்ஜினை மட்டும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு. இந்த வாரம் படகுக்காரர் ஒருவர் கேட்டதில் ஆரம்பித்து, டைனமோ மாற்றியவர்கள் எல்லாரும் வரிசையாகக் கேட்டுவிட்டார்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்நேட்டரை நம் பக்கம் டைனமோ என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன்.

நாகமரையிலிருந்து ஒருவர்: அண்ணா, மேட்டூர் அணைத் தண்ணீரில் நாகமரைக்கும் பண்ணவாடிக்கும் நடுவில் ஓட்டுகிற படகு. டீசல் இன்ஜின், 12 வோல்ட். மூன்று மாதம் முன்பு இன்ஜின் வேலை பார்த்ததிலிருந்து பேட்டரி இறங்கிக்கொண்டே இருந்தது. டைனமோ போய்விட்டது என்று புதிதாக மாட்டினேன். இப்போதும் ஓடும்போது பேட்டரியில் 12.3 வோல்ட்தான் காட்டுகிறது. புதுசும் பழுது என்கிறார்கள்.

தம்பி, பழையதும் 12.3, புதுசும் 12.3 என்றால் இரண்டு டைனமோவும் பேசி வைத்துக்கொண்டு ஒரே பொய்யைச் சொல்லாது. பேட்டரியில் மட்டும் மீட்டர் வைத்துப் பார்த்தால் டைனமோவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஓடுகிற இன்ஜினில் பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். உங்களுக்கு இல்லை. அந்த மின்சாரம் பிறக்கவே இல்லையா, பிறந்து வழியில் தொலைகிறதா என்பதுதான் கேள்வி.

இன்ஜினை நடு வேகத்தில் விடுங்கள். படகில் இருக்கிற லைட்டையெல்லாம் போடுங்கள். லோடு இல்லாமல் பார்த்தால் கெட்ட இணைப்பும் நல்லதாகத் தெரியும். இப்போது மூன்று இடத்தில் மீட்டர் வையுங்கள். முதலில் சிவப்பு முனை டைனமோவின் பி பிளஸ் போல்ட்டில் (பேட்டரிக்குப் போகும் தடித்த வயர் மாட்டுகிற இடம்), கறுப்பு முனை டைனமோ உடம்பில். அடுத்து சிவப்பு அதே போல்ட்டில், கறுப்பு பேட்டரி பாசிட்டிவில், இது 0.3க்கு மேல் போகக் கூடாது. கடைசியாக டைனமோ உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே, இதுதான் எர்த் பக்கம், இது 0.2க்குள் இருக்க வேண்டும். முனையை வயர் நுனியிலுள்ள வளையத்தின், அதாவது லக்கின் மேல் வைக்காதீர்கள், போல்ட்டின் மேலேயே, பேட்டரியின் ஈயக் கம்பத்தின் மேலேயே குத்துங்கள். லக்குக்கும் போல்ட்டுக்கும் நடுவில்தான் பச்சை பூத்துக் கிடக்கும், லக்கில் வைத்தால் அதைத் தாண்டிவிடுவீர்கள்.

முதல் இடத்திலேயே 12.3 தான் என்றால் டைனமோ பிறப்பிக்கவில்லை. அப்போது இன்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆன் செய்து, ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியைப் பின்பக்க பேரிங் மூடிக்கு அருகில் கொண்டுபோங்கள். கையில் இழுப்பு தெரிந்தால் உள்ளே காந்தம் ஏறுகிறது. தெரியாவிட்டால் சார்ஜ் லைட்டிலிருந்து டைனமோவின் எல் முனைக்கு வரும் மெல்லிய வயரைத் தேடுங்கள், அநேகமாக அறுந்தோ கழன்றோ இருக்கும்.

இன்னொன்று. அணைத் தண்ணீர் இறங்கி, மூழ்கிக் கிடக்கிற பண்ணவாடி நந்தி சிலை வெளியே தெரிகிற காலத்தில் கடக்கிற தூரமும் சுருங்கிவிடும். அடிக்கடி செல்ஃப் அடித்து, கொஞ்ச நேரமே ஓட்டினால் நல்ல டைனமோவும் பேட்டரியை நிரப்ப முடியாது. மூன்று அளவையும் எழுதி அனுப்புங்கள்.

பென்னாகரம், டிராக்டர்: டைனமோ மாற்றியபின் ஸ்டார்ட் செய்ததும் சார்ஜ் இல்லை. ஒரு தடவை நன்றாக ரேஸ் கொடுத்தால் அப்புறம் ஒழுங்காக ஏறுகிறது. சார்ஜ் லைட் எரிவதே இல்லை.

அந்தச் சார்ஜ் லைட் வெறும் அடையாளத்துக்கு இல்லை. அதன் வழியாகப் போகிற கொஞ்சம் மின்சாரம்தான் டைனமோவுக்குள் சுற்றுகிற ரோட்டாரில் முதல் காந்தத்தை ஏற்றுகிறது. பல்பு ஃபியூஸ் ஆகியிருந்தாலோ, அழகுக்காக எல்.இ.டி. போட்டிருந்தாலோ டைனமோ விழிக்காது; வேகம் கொடுத்தால் மிச்சமிருக்கும் காந்தத்தில் தானே எழுந்துகொள்ளும். 3 வாட் குண்டு பல்பு ஒன்று மாட்டுங்கள், பத்து இருபது ரூபாய் வேலை.

காவேரிப்பட்டணம், பிக்கப்: மாங்காய் லோடு ஏற்றி ராத்திரியில் போகும்போது ஐடிலில் ஹெட்லைட் மங்குகிறது. காலையில் பெல்ட் கீச்சிடுகிறது.

பெல்ட் லூஸ். இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10, 12 மில்லிமீட்டர் இறங்கினால் போதும். புது பெல்ட் என்றால் சில மணி நேரம் ஓடியதும் ஒருமுறை இழுத்துக் கட்ட வேண்டும், அது இயல்பாகவே தளரும். அதற்காகக் கம்பி மாதிரி முறுக்கிவிட்டு பேரிங்கைக் கெடுக்காதீர்கள். பழைய டைனமோ கையில் இருந்தால் புல்லியை ஒட்டிவைத்துப் பாருங்கள். புதுசின் புல்லி பெரிதாக இருந்தால் டைனமோ மெதுவாகச் சுற்றும், ஐடிலில் மங்கத்தான் செய்யும். தொப்பூர் கணவாயில் ராத்திரி இறங்குகிற வண்டி இது. நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

பாலக்கோடு: வண்டி ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, இன்ஜின் நிற்காவிட்டால் டைனமோ நல்லது என்று மெக்கானிக் சொல்கிறார். சரியா?

செய்யாதீர்கள். நான் தொழில் பழகிய காலத்தில் எல்லாரும் செய்ததுதான், நானும் செய்தேன். பழைய வண்டிகள் தாங்கின. ஒருநாள் வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கிற எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் உள்ள ஒரு வண்டியில் அதே கெத்தில் டெர்மினலை உருவினேன். ‘டப்’ என்று ஒரு சத்தம்கூட வரவில்லை, சார்ஜ் லைட் மட்டும் எரிந்தது, அணையவே இல்லை. ரெகுலேட்டருக்கு என் கைக்காசு போயிற்று. பேட்டரி என்பது அந்த லைனில் ஒரு தலையணை மாதிரி. அதை உருவினால் வோல்டேஜ் ஒரு நொடியில் பல மடங்கு எகிறி, மின்சாரத்தை ஒரே திசையில் விடுகிற டயோடையும் ரெகுலேட்டரையும் அடித்துவிடும். இப்போதைய வண்டியில் இன்ஜினின் கம்ப்யூட்டர் பெட்டியான இ.சி.எம்.மும் சேர்ந்து போகும். படகில் மெயின் ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கும் இதுவேதான். இன்ஜின் நின்ற பிறகே ஸ்விட்சை அணையுங்கள்.

ஊத்தங்கரை, போர்வெல் லாரி, 24 வோல்ட்: பகலெல்லாம் 28 காட்டுகிறது. காலையில் பேட்டரி செத்துக் கிடக்கிறது. டைனமோ மாற்றி ஒரு வாரம்தான்.

ஐயா, காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன் டைனமோவின் முதுகில் கையை வையுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அது இளஞ்சூடாக இருந்தால் டயோடு வழியே பேட்டரி அதற்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. சில்லென்று இருந்தால் வேறு எங்கோ கசிகிறது. உறுதி செய்ய, சாவியை அணைத்துவிட்டு நெகட்டிவைக் கழற்றி நடுவில் ஆம்பியர் மீட்டரைப் போடுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பயமில்லை. கூடுதலாக இருந்தால் நெகட்டிவைக் கழற்றிய நிலையிலேயே பி பிளஸ் வயரை எடுத்து, அதற்கு டேப் சுற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். கசிவு நின்றால் டைனமோவை வாரண்டியில் மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளந்தீர்களா? பாட்டுப் பெட்டிக்கோ ஃபேனுக்கோ ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்திருந்தால் அது காலியாகும், மற்றது கொதிக்கும். ரிக் வண்டிகளில் பாதிக்கு இந்தக் கதைதான்.

ஓசூர்: எனக்கு 15.2 காட்டுகிறது. வாரத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறேன்.

ரெகுலேட்டர் போயிருக்கும், அல்லது பேட்டரி அளவைப் பார்க்கும் எஸ் வயர் அறுந்திருக்கும். பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கிற வாயு. சரிசெய்யும்வரை பக்கத்தில் பீடி சிகரெட் வேண்டாம்.

நாகமரை, இன்னொருவர்: கார் டைனமோவையே படகில் மாட்டலாமா? விலை குறைவு.

டீசல் என்றால் மாட்டுகிறார்கள், ஈரத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதோடு சரி. உள்ளே வைத்த பெட்ரோல் இன்ஜின் என்றால் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், காரில் கீழே இறங்கிப் போய்விடும், படகின் அடியில் தேங்கி நிற்கும். சாதாரண டைனமோவில் பிரஷ் பொறி வெளியே தெறிக்கும். அதற்கென்றே பொறி வெளியே வராத படகு டைனமோ இருக்கிறது. பின்னால் தொங்கவிடுகிற அவுட்போர்டு என்றால் பேச்சே வேறு. அதில் பெல்ட்டும் டைனமோவும் அநேகமாக இருக்காது, ஃப்ளைவீலுக்கு அடியில் காயிலும், ஏ.சி.யை டி.சி. ஆக்குகிற ரெக்டிஃபயர் தனியாக ஒன்றும்தான்.

முதலில் கேட்ட நாகமரைத் தம்பி, மறுநாள்: அண்ணா, டைனமோவில் 14.6. பாசிட்டிவ் பக்கம் 0.2. எர்த் பக்கம் 2.1. பேட்டரியில் அதே 12.3. ஆனால் வெளியே சார்ஜ் போட்டுக் கொண்டுவந்தால் செல்ஃப் நன்றாக அடிக்கிறது.

கூட்டிப் பாருங்கள்: 12.3, 0.2, 2.1. மூன்றும் சேர்ந்து சரியாக 14.6. டைனமோ தன் வேலையைச் செய்கிறது, 2 வோல்ட் எர்த்தில் தொலைகிறது. செல்ஃப் நன்றாக அடிக்கிறது என்றால் இன்ஜின் பிளாக்கிலிருந்து பேட்டரிக்குப் போகும் தடித்த கேபிள் நல்லது. மிச்சமிருப்பது டைனமோவுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள பிராக்கெட் மட்டும். இன்ஜின் வேலை பார்த்தபோது பெயிண்ட் அடித்தார்களா?

அவர்: ஆமாம் அண்ணா, பச்சை பெயிண்ட். பிராக்கெட், பிளாக் எல்லாம் சேர்த்து அடித்தார்கள்.

அதுதான். பிராக்கெட் உட்காருகிற இடத்திலும் போல்ட் தலைக்கு அடியிலும் உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். அதோடு டைனமோ உடம்பிலிருந்து நேராக பேட்டரி நெகட்டிவுக்கு 10 ஸ்கொயர் எம்.எம். வயர் ஒன்று இழுத்துவிடுங்கள். லாரிக்கு சேஸிஸ் இருக்கிறது, எர்த் எப்படியாவது வழி கண்டுபிடித்துப் போய்விடும். படகுக்கு நாம் இழுத்த வயர்தான் வழி. முடித்ததும் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

அது சரி, பழைய டைனமோ எங்கே?

அவர்: எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன் அண்ணா. எண்ணூறு ரூபாய் கழித்தார்கள்.